கலஹாவில் இறங்கி புசல்லாவை வரை

மூன்று நாள் நடைக்கு ஒரு சோடி சப்பாத்து போதும். இரண்டாவது சோடி வெறும் சுமை. என் தங்கை சுந்தரியிடம் இதை நான்கு தடவை சொன்னேன், அவள் கேட்கவில்லை.

லாபிர் ஐயா, நீங்கள் தமிழ் பேசும் மடவளைக்காரர், நான் சொல்வதைத் தமிழிலேயே எழுதிக்கொள்கிறீர்கள். பொலிசில் அப்படி ஒருவர் கிடைத்தது நல்லதாகப் போயிற்று. என் வார்த்தையை யாரும் மாற்றிவிடக் கூடாது.

கண்டியில் பன்னிரண்டு வருஷமாக என் தொழில் இதுதான். முதுகில் பையைப் போட்டுக்கொண்டு மலை ஏற வரும் சோடிகளுக்கு வழி போட்டுக் கொடுப்பேன். எங்கே பஸ் இறங்குவது, எந்தத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் தண்ணீர் கேட்பது, பனி இறங்குமுன் எந்த மலையைக் கடப்பது, எல்லாம் ஒரே தாளில் இருக்கும். என் தாளை நம்பிப் போனவர்களில் ஒருவருக்குக்கூடக் கால் பிசகியதில்லை. இதையும் எழுதுங்கள்.

அம்மா போனபோது சுந்தரிக்குப் பத்து வயது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். கலஹாவில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து நான்தான் அவளைப் படிக்க வைத்தேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை நானே திருப்பி அனுப்பினேன். பெற்றால்தான் பிள்ளையா?

சண்முகநாதன் பேராதனையில் அவளோடு படித்த யாழ்ப்பாணத்துப் பையன். கல்யாணமாகி ஆறு மாதத்தில் இரண்டு பேருக்கும் கனடா விசா வந்துவிட்டது. ஒரு நாள் வந்து உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னான்.

"அக்கா, வாற மாசம் வெளிக்கிடுறம். அதுக்கு முதல் ரெண்டு பேருமா மூண்டு நாள் மலையில நடக்கோணும். நீங்கள்தான் வழி போட்டுத் தரோணும்."

"ஆமாக்கா, நம்ம தோட்டத்தையெல்லாம் கடைசியா ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்" என்றாள் சுந்தரி.

கடைசியாக என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. அது அவன் மேல்தான். தானாக அப்படிப் பேசத் தெரியாதவள் அவள்.

"போட்டுத் தர்றேன் தம்பி" என்றேன்.

கலஹாவில் பஸ் இறங்கி, மூன்றாம் நாள் புசல்லாவையில் பஸ் ஏறுவது திட்டம். இரண்டாம் நாள் ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். மேலே லொறி போகும் ரோட்டில் ஒரு பாலம், கீழே பழைய பலகைப் பாலம். முந்திய ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். பலகை உளுத்திருந்தது. அடியில் முப்பது அடி ஆழத்தில் பாறை. யாரோ பச்சைக் கொப்பு வெட்டி பாதைக்குக் குறுக்கே கட்டியிருந்தார்கள். கொப்பு கட்டிய இடத்தைத் தோட்டத்தில் எவரும் தாண்ட மாட்டார்கள். சுந்தரிக்கும் அது தெரியும். அதனால் அவிழ்த்து ஓடையில் போட்டேன். தாளில் மேல் ரோட்டைப் போடாமல் விட்டேன்.

பாரமான பை அவனுடையது. பாலம் வந்தால் ஆண்தான் முதல் காலை வைப்பான். பன்னிரண்டு வருஷமாக எத்தனை சோடிகளைப் பார்த்திருக்கிறேன். அவன் போவான், அவள் அழுவாள், நான் கூட்டி வந்து தேற்றுவேன். அவள் கனடாப் பேச்சே எடுக்க மாட்டாள். இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை பத்தரைக்குப் போன் வந்தது. பேசியது சண்முகநாதன். அந்தக் குரலை நான் எதிர்பார்க்கவில்லை.

"அக்கா, சுந்தரி விழுந்திட்டாள்."

ஆஸ்பத்திரியில் அவளை மூடி வைத்திருந்தார்கள். அவளை ஏன் முன்னால் விட்டாய் என்று கேட்டேன். அவன் முழங்காலுக்குக் கீழே இரத்தம் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

"பின்னால வாறவையைத்தான் அட்டை பிடிக்குமாம். அவள்தான் சொன்னவள். அதுதான் அவளை முன்னால விட்டனான், அக்கா."

தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. முதல் ஆளின் காலடிச் சத்தத்தில் அட்டை எழும்பும், அடுத்து வருகிறவரைப் பிடிக்கும். கொழுந்து மலைக்குப் போகும்போது சின்னப்பிள்ளையான அவளை நானும் முன்னால்தான் நடக்க விடுவேன்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கொப்பை அவிழ்த்தது நான். மேல் ரோட்டை மறைத்தது நான். சண்முகநாதனைக் கொல்ல நினைத்தது நான். அதற்காக இப்போதும் நான் வருத்தப்படவில்லை. ஆனால் சுந்தரியை நான் கொன்றேன் என்று எழுதினால் கையெழுத்துப் போட மாட்டேன். என் திட்டத்தில் அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அட்டைக்குப் பயந்து பெண்டாட்டியை முன்னால் அனுப்பியவன் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறான். அவனை எப்போது பிடித்து உள்ளே போடப் போகிறீர்கள்?