இரண்டோடு நின்ற மணி

மதியம் பன்னிரண்டரை. ஆற்றங்கரைக்குப் போகும் அந்த மணல் பாதை. பேய்க்கு அது நேரமா என்று சிரிக்காதீர்கள். மின்சாரம் இப்போதைக்கு வராது. டீக்கடைக்காரன் தந்திருப்பதும் ஒரே மெழுகுவத்திதான். பயந்து எழுந்து போகிறவன் இருட்டில்தான் போகவேண்டும், இப்போதே சொல்லிவிட்டேன்.

புத்தர் பகோடா மணி அடிக்கும்போதெல்லாம் கோ லத் ஏன் காதைப் பொத்திக்கொள்கிறான் என்று கேட்டீர்களே... அதைத்தான் சொல்லப்போகிறேன். நம்மைப்போலக் குதிரைவண்டிக்காரன்தான். பொய் சொல்லத் தெரியாதவன், அதனால்தான் டூரிஸ்டுகள் வந்து குவியும் இந்தப் பாகானில் இருந்துகொண்டும் தொழிலில் உருப்படவில்லை.

அன்று வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தது அவன் அண்ணி மா சேன் யீ. அவள் புருஷன் பா தௌங், படகுக்காரன். மழைக்கால வெள்ளத்தில் ஐராவதி ஆற்றுக்குள் போனான். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. வெள்ளத்தில் போன அன்று காலை கிளம்பும்போது அவன் இடது செருப்பில் வார் அறுந்துபோயிற்று. கோ லத்தான் நீல வலைக்கயிற்றால் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிக் கொடுத்தான்.

"சாயங்காலம் புதுசு வாங்கிக்கறேன்டா" என்று பா தௌங் சொல்லிவிட்டுப் போனானாம். அவனுக்கு முன்பல் ஒன்று கிடையாது. 'சா' என்று வாயைத் திறந்தாலே காற்று விசிலடிக்கும்.

ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சோறு போட்டு, செத்தவன் பேரைச் சொல்லிப் புண்ணியத்தில் பங்கு கொடுத்து, 'இனி நீ போகலாம்' என்று விடைகொடுக்க வேண்டும் இல்லையா? மா சேன் யீ மாட்டேன் என்றாள்.

"பொணத்தைக் காட்டு, சோறாக்கறேன். உசுரோட இருக்கிற மனுசனுக்கு வழியனுப்பறாங்களாம்! உங்க அவசரத்துல தீயை வைக்க."

அவன் திரும்பி வரவேண்டும் என்று கும்பிடத்தான் அந்த மதியம் கிளம்பினாள். வழியெல்லாம் எள் வயலும் இடிந்த கோபுரங்களும்தான், ஆள் கிடையாது. ஆற்றை ஒட்டி நிற்கும் சின்னப் பகோடா. வாசலில் இருவரும் செருப்பை விட்டார்கள். செங்கல் தணலாகச் சுட்டது. பூ வைத்தாள், கும்பிட்டாள். பிறகு மணியடியில் கிடந்த மரக்கட்டையை எடுத்தாள். புண்ணியத்தில் பங்கு கொடுக்க மூன்று அடி அடிக்கவேண்டும் இல்லையா?

டங்ங்... "எல்லாரும் பங்கு எடுத்துக்குங்க."

டங்ங்... "எல்லாரும் பங்கு எடுத்துக்குங்க."

"சாது."

மணி கேட்கிறவர்கள் 'சாது', அதாவது 'நல்லது', என்று சொல்லிப் பங்கு வாங்கிக்கொள்வதுதான், நாமும் சொல்கிறோம். ஆனால் அங்கே கேட்பதற்கு யார் இருந்தார்கள்? குரல் பகோடாவுக்குப் பின்னால், ஆற்றுப் பக்கமிருந்து வந்தது. கூடவே ஒரு சேற்று வாடை. 'சா'வில் காற்று விசிலடித்தது...

மூன்றாவது அடிக்கு ஓங்கிய கட்டையோடு அவள் அப்படியே நின்றாள். பிறகு சத்தமில்லாமல் அதைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, முடிச்சிருங்க..."

"உஸ்! முடிச்சா போயிருவாரு."

அதற்குப் பிறகு தினம் மதியம் இதே வேலை. இரண்டு அடி, ஒரு 'சாது', திரும்பி வருவது. முகத்துக்குத் தனகாப் பட்டை அரைத்துப் பூசினாள், கொண்டையில் பூ வைத்தாள். புதுப்பெண் மாதிரி தனக்குள் சிரித்துக்கொண்டாள். வீட்டில் ஒரு பருக்கை தொடமாட்டாள், கேட்டால் வயிறு நிறைந்திருக்கிறது என்பாள். பதினைந்து நாளில் கன்னம் ஒட்டிவிட்டது. வண்டியில் அவள் உட்காரும் பலகை நனைந்து கிடக்க ஆரம்பித்தது. கோ லத்தின் குதிரை செவிட்டு மந்தம், வெடி போட்டாலும் அசையாது, அது உங்களுக்கே தெரியும். அது நடக்கும்போதே பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

கோ லத் மடத்துக்கு ஓடினான். பெரிய பிக்குவிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

"போறவனை வாசல்ல நிக்க வச்சிருக்கா" என்றார் அவர். "அவன் போகணும். இல்லேன்னா அவ இருக்கமாட்டா. பௌர்ணமிக்குள்ள மூணாவதை அடிச்சு, பேரைச் சொல்லி அனுப்பிடு."

பௌர்ணமிக்கு முதல் நாள். அதே மதியம். அவள் இரண்டு அடித்தாள். "சாது" வந்தது. கட்டையைக் கீழே வைக்கக் குனிந்தவளின் கையிலிருந்து கோ லத் அதைப் பிடுங்கினான். அவள் பாய்ந்து அவன் முதுகைப் பிடித்துக்கொண்டாள். சட்டை வழியாக அந்தக் கைகள் ஐஸாகச் சில்லிட்டனவாம்.

"வேண்டாம்டா தம்பி! உன் அண்ணன்டா! என்னைத் தனியா விட்டுறாதடா!"

"நீங்க எனக்கு வேணும் அண்ணி" என்று அழுதுகொண்டே ஓங்கி அடித்தான்.

டங்ங்...

"அண்ணே பா தௌங்! பங்கு எடுத்துக்க. கிளம்பு!"

மணி அதிர்ந்து அடங்கும்வரை ஒன்றுமில்லை. பிறகு ஆற்றுப் பக்கமிருந்து, "சாது." அதே விசில். அதோடு சேர்ந்தாற்போல ஒரு பெண் குரல்... "சாது."

அதுவும் ஆற்றுப் பக்கமிருந்துதான்.

முதுகில் பிடி இல்லை. திரும்பினான். சுடுகிற செங்கல்லில் இரண்டு ஈரப் பாதங்களின் தடம், அவன் பார்க்கும்போதே காய்ந்துகொண்டிருந்தது. பகோடாவை மூன்று முறை சுற்றினான், கரையெல்லாம் கத்தினான். வலைக்காரர்கள் இருட்டும்வரை ஆற்றைத் துழாவினார்கள். நானும் போயிருந்தேன். "நல்லது செய்யறேன்னு நெனைச்சேனே" என்று அவன் அழுதான்.

எல்லாரும் திரும்பும்போது, அவள் செருப்பையாவது வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று கோ லத் வாசலுக்கு வந்தான். நான்தான் விளக்குப் பிடித்தேன்.

அவள் செருப்பு மதியம் விட்ட இடத்திலேயே இருந்தது. அதை ஒட்டி ஒரு ஆண் செருப்பு ஜோடி... சேறும் தண்ணீரும் சொட்டச் சொட்ட. இடது வாரில் நீல வலைக்கயிறு, மூன்று முடிச்சு.