பதில் கேட்காத மெசேஜ்

தாம்பரத்தில் ரயில் கிளம்பியதும், ஐடி கார்டு மாட்டிய ஒரு பெண்ணும் ஒரு ஆணும் எதிர் சீட்டில் பேச ஆரம்பித்தார்கள்.

"அண்ணா, செத்துப்போனவருக்கு நம்ம ஆப் தினமும் மாத்திரை போடச் சொல்லிட்டிருக்கு" என்றாள் அந்தப் பெண்.

"என்னம்மா சொல்ற?"

"காலைல எட்டு மணிக்குத் தானா ஒரு மெசேஜ் போற மாதிரி செட் பண்ணோமே. 'போட்டாச்சு'ன்னு அமுக்கலன்னா மூணு தடவை திரும்பப் போகும். இரும்புலியூர்ல ஒருத்தர் பத்து நாளா அமுக்கல. போன் பண்ணேன், அவர் வொய்ஃப்தான் எடுத்தாங்க."

"அய்யோ. பேரைத் தூக்கிடு."

"தூக்கறேன்னுதான் சொன்னேன். வேணாம்மா, அவர் போன் சத்தம் கேட்டாதான் எழுந்து காபி போடவே தோணுதுங்கறாங்க."

"டெய்லி ஃபெயில் ஃபெயில்னு எனக்கு அலர்ட் வருதே, அது இவர்தானா?"

"அவரேதான்."

எங்கம்மா போய் நாற்பது நாள் ஆகிறது. அவள் போனுக்கு நான் இன்னும் சார்ஜ் போடுகிறேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குரோம்பேட்டையில் ரயில் நின்று கிளம்பியது. அந்த அண்ணன் சொன்னார்:

"அவருக்கு மட்டும் ஒரே தடவை போகட்டும். பதில் வருதான்னு பாக்காத."

"மேனேஜர் கேட்டா?"

"நான்தான் சொன்னேன்னு சொல்லு. அந்த மாத்திரை வரியையும் எடுத்துடு. படிச்சா அந்தம்மாக்குக் கஷ்டமா இருக்கும்."

"அப்ப என்ன எழுதறது?"

"மணி எட்டாச்சுன்னு மட்டும் எழுது."

அவள் மடியிலேயே லேப்டாப்பைத் திறந்தாள்.