ஐந்து வரித் திருத்தம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் மதியத்துக்கு உருப்படியான சாப்பாடு கிடைப்பது கஷ்டம். அதனால் கனிமொழி தன் டிபன் பாக்ஸில் எனக்கும் சேர்த்து ஒரு கரண்டி கூட்டு எடுத்துவருவாள். தேனிப் பக்கத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து பதினான்கு மாதம். நான் எழுதும் புரோகிராம்களைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. எனக்கு இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருடம். இந்த இரண்டு எண்களையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் கம்பெனி சின்னது. ஆஸ்பத்திரிகளுக்கு நெட்வொர்க் பெட்டி செய்கிறோம். நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் மானிட்டர் அபாயம் என்று சொன்னால், அந்தச் செய்தி எங்கள் பெட்டி வழியாக நர்ஸ் மேஜைக்குப் போய் மணி அடிக்கும். சிறிய ஆஸ்பத்திரிகளில் கேமரா படங்களும் அதே கம்பியில்தான் போகும். கேமரா கூட்டத்தில் சிக்கி மணி தாமதமாகிறது என்று புகார் வந்தது.

அபாயச் செய்தியை வரிசையில் முன்னால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெட்டியில் இருந்த நெட்வொர்க் கார்டை இயக்கும் டிரைவர் என்ற புரோகிராம் பழையது. வருவதை எல்லாம் வந்தபடியே தள்ளிவிடும், வரிசை என்பதே அதற்குத் தெரியாது. அதை வரிசைக்குப் பழக்கும் வேலையை முதலாளி திருவேங்கடம் என்னிடம் கொடுத்தார். ஒரு மாதத்தில் முடித்தேன். பெட்டிகள் ஆறு ஆஸ்பத்திரிகளுக்குப் போயின.

ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது கனிமொழி என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“சார், ஒண்ணு கேக்கலாமா? கார்டு நிறைஞ்சா டிரைவர் அனுப்புறத நிறுத்துதுல்ல. இடம் காலியானதும் வரிசைய மறுபடி பாக்கணும். ஒரு இடத்துல அது பாக்கவே மாட்டேங்குது சார்.”

“பார்க்குமே.”

“அடுத்து ஏதாவது வந்து தட்டுனாத்தான் பாக்குது. கேமரா ஓடிக்கிட்டே இருந்தா தெரியாது. கேமரா நின்னுபோச்சுன்னா, உள்ள இருக்குற செய்தி அப்படியே உக்காந்துரும். மெயில் போட்டிருக்கேன் சார், படிச்சுப் பாருங்க.”

படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. தலைமைப் பொறியாளர் பதவிக்கு என் பெயர் பேச்சில் இருந்த நேரம். சோதிக்க வந்த பெண் இருபத்திரண்டு வருடக்காரனின் தவறைப் பிடித்தாள் என்று திருவேங்கடம் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நினைத்தேன். “நான் பார்த்துக்கறேன்மா, யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்” என்றேன். “சரிங்க சார்” என்றாள். அவள் என்னை நம்பினாள். நிச்சயதார்த்தத்துக்கு ஊருக்குப் போகும் சந்தோஷத்தில் வேறு இருந்தாள்.

அடுத்த வாரம் நசரத்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் கேமராக்களுக்கு ஒயர் மாற்றினார்கள். மதியம் இரண்டு பத்துக்கு எல்லாக் கேமராவையும் நிறுத்தினார்கள். தனி அறையில் வேம்புலி என்று ஒருவர் இருந்தார். பாரிவாக்கத்துக்காரர், ஐம்பத்தொன்பது வயது, இதய நோய். படுக்கைக்குப் பக்கத்தில் சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று மானிட்டரின் ஒலியைக் குறைத்து வைத்திருந்தார்கள். நர்ஸ் மேஜையில்தான் மணி கேட்க வேண்டும். கேமராக்கள் நின்ற அதே நேரம், கார்டு நிறைந்திருந்த நொடியில், மானிட்டர் செய்தி அனுப்பியது. இரண்டு இருபத்தாறுக்கு வேலை முடிந்து ஒரு கேமராவை ஓட விட்டார்கள். அப்போதுதான் மணி அடித்தது. நர்ஸ் அறைக்கு ஓடியிருக்கிறாள். பதினாறு நிமிடம் என்பது அந்த நோய்க்கு மிக அதிகம்.

சாயங்காலம் எங்களுக்குத் தகவல் வந்தது. மூன்று மணி நேரத்தில் திருத்தத்தை ஆறு ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பிவிட்டேன். மறுநாள் காலை திருவேங்கடம் எல்லோரையும் கூப்பிட்டு, “இவர் மட்டும் இல்லன்னா இன்னும் எத்தனை உயிர் போயிருக்குமோ” என்று சொல்லிக் கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். கனிமொழியும் தட்டினாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாகத் தட்டினாள். அந்தச் சத்தம் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது.

அலுவலக மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். அவள் அனுப்பிய மெயிலை அன்று மதியமே அழித்தேன், அவள் பக்கத்திலும் என் பக்கத்திலும். விசாரணை வந்தபோது, சோதித்தது கனிமொழி, குறை இருப்பதாக அவள் என்னிடம் சொல்லவே இல்லை என்றேன். இந்தச் சாவை விசாரிக்கும் உங்களிடமும் அதையேதான் சொன்னேன்.

“சார், நான் அனுப்பினேனே. நேர்லயும் சொன்னேனே. உங்களுக்கு ஞாபகம் இல்லையா?” என்று கேட்டாள்.

“இல்லையேம்மா” என்றேன்.

அவள் அழவில்லை. தன் கம்ப்யூட்டரில் தேடினாள், மறுபடி மறுபடி தேடினாள். தனக்கே புத்தி பிசகிவிட்டதோ என்று அவள் சந்தேகப்படுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளை வேலையிலிருந்து எடுத்தார்கள். நிச்சயதார்த்தம் நின்றுபோனது. எனக்குத் தலைமைப் பொறியாளர் பதவி கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரிவாக்கம் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வேம்புலியின் மனைவி பார்வதம் என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். பெட்டி செய்த கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றேன்.

“மெஷினு இன்னா நைனா பண்ணும்? என் மேலதான் தப்பு. அவரு தூங்கிகினு இருக்காருன்னு டீ வாங்க கீய எறங்கிட்டேன். நா ரூம்லயே இருந்திருந்தா சத்தம் போட்டுக் கூப்ட்டிருப்பேன். டீக்கு ஆசப்பட்டு மனுசனத் தொலைச்சிட்டேன்.”

மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மோரைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். வருகிறேன் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து அந்த அம்மாள் தன்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். இன்று இங்கே வந்ததற்கு அதுதான் காரணம். கனிமொழியின் முகத்தை நினைத்து வந்திருக்க வேண்டும். அதற்குக்கூட எனக்குத் துணிவில்லை.

போன வாரம் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். யாரும் சொல்லாத கோளாறை மூன்றே மணி நேரத்தில் எப்படிக் கண்டுபிடித்துச் சரிசெய்தீர்கள் என்று. அனுபவம் என்று சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அதை அடித்துவிடுங்கள்.

கனிமொழி வந்து சொன்ன அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே திருத்தத்தை எழுதிவிட்டேன். மொத்தம் ஐந்து வரி. சோதித்தும் பார்த்தேன், சரியாக இருந்தது. அனுப்பவில்லை. அன்றே அனுப்பியிருந்தால் அவள் சொல்லித்தான் செய்தேன் என்று ஆகியிருக்கும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவள் ஊருக்குப் போனதும், நானே கண்டுபிடித்ததாகச் சொல்லி அனுப்பலாம் என்று என் கம்ப்யூட்டரில் வைத்திருந்தேன்.

வேம்புலி இறந்தது வியாழக்கிழமை.