நிறைவு நாள் நாடகம்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர். நேர்க்காற்று என் தொண்டைக்கு ஆகாது. நாற்காலியும் வேண்டாம். ஒரு வாரமாக என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இப்படி நடந்துகொண்டே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் கல்லூரியில் தை பிறந்ததும் கலைப் பருவம் தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் ஒரு நாடகம், இல்லாவிட்டால் ஒரு பாட்டுக் கச்சேரி. மாசிக் கடைசியில் நிறைவு நாள். அன்றைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து பெரிய மனிதர்கள் வருவார்கள், சுற்றுப்பட்டு ஊரெல்லாம் திரண்டு வரும். அறுபத்தெட்டில் வகுப்பு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, மேலே ஜமுக்காளம் விரித்து இதைத் தொடங்கியவன் நான். திரைக்குக் கயிறு கட்டியதும் நான்தான். அன்றுமுதல் நிறைவு நாள் நாடகம் என்றால் தமிழ்த்துறை வேலுச்சாமி. பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

எண்பதில் கன்னையன் வேலைக்கு வந்து சேர்ந்தான். ராசிங்காபுரத்துக்காரன், பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவன். நல்ல பையன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் நாடகங்களில் மன்னர்கள் செந்தமிழில் பேசுவார்கள். அவன் எழுதிய நாடகத்தில் ஏலக்காய்க் காட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து கங்காணியை வாய்க்கு வந்தபடி வைதார்கள். ஒத்திகையில் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என் ஒத்திகையில் கொட்டாவியை மறைக்க அதே பிள்ளைகள் படும் பாடு எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம். இந்த வருட நிறைவு நாளைக் கல்லூரி முதல்வர் அவனுக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி, ஒரு பொன்னாடை.

பொறாமை என்று நினைக்காதீர்கள். எனக்குப் பிள்ளைகளைப் பற்றித்தான் கவலை. தெருவில் பேசுவதையே மேடையிலும் பேசினால் மேடை எதற்கு? இதை இப்படியே விட்டால் இன்னும் கொஞ்ச காலத்தில் கல்லூரியில் தமிழ் என்று ஒன்று இருக்காது. யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

நிறைவு நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் என் வீட்டுக்கு வந்தான். நாடகத்தில் பாட்டெல்லாம் அவன்தான் பாடவேண்டும். தொண்டையோ அடியோடு கட்டியிருந்தது.

"அண்ணே, கொரலே எந்திரிக்க மாட்டேங்குது. கசாயம், தேனு எல்லாம் பாத்துட்டேன். நீங்கதாண்ணே ஒரு வழி சொல்லணும்."

"கொரங்கணிக்கு வர்றியா? மச்சினன் ஸ்டோர்ல பச்சக்காய் போட்டிருக்கான்" என்றேன்.

அவனுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் வெளியூர், அதனால் சொல்கிறேன். பறித்த ஏலக்காயை ஸ்டோர் என்கிற மூடிய அறையில் பரப்பி, வெளியே அடுப்பெரித்து, அறைக்குள் ஓடும் இரும்புக் குழாயைச் சூடாக்கி உலர்த்துவார்கள். முதலில் பச்சைக்காயிலிருந்து நல்ல ஆவி கிளம்பும். சளி பிடித்தவர்கள், தொண்டை கட்டியவர்கள் அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வருவது இங்கே வழக்கம். சூடு போகாமலிருக்க வெளிப்பக்கம் கொண்டி போடுவார்கள். உள்பக்கம் கொண்டி கிடையாது. காய்க்கு எதற்குக் கொண்டி?

குழாயில் விரிசல் விட்டுப் புகை உள்ளே கசிகிறது, இந்த லோடு முடிந்து சரிசெய்யும்வரை யாரும் உள்ளே நிற்கவேண்டாம் என்று மச்சினன் சொல்லியிருந்தான். காவல்காரன் மொக்கையன் ஞாயிற்றுக்கிழமை என்றால் சாமான் வாங்கப் போடிக்கு இறங்கிவிடுவான். இரண்டும் எனக்குத் தெரியும். கன்னையனுக்குத் தெரியாது. அன்றைக்கே இருவரும் மலையேறி ஸ்டோருக்குப் போனோம்.

"வெரசா வந்து தொறந்துவிடுங்கண்ணே, ஒத்திகைக்குப் பிள்ளைக காத்துக்கிட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். சரி என்றேன். கொண்டியைப் போட்டேன். அடுப்பில் இன்னும் சில கட்டைகளைத் தள்ளினேன்.

முதலில் பாடிப் பார்த்தான். குரல் நன்றாகத் திறந்திருந்தது. அந்த வைத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. பிறகு இருமினான். பிறகு கதவைத் தட்டினான். அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டவன் கடைசியில் ஐயா என்றான். அதுவரை அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு நிலைகொள்ளவில்லை. காபிச் செடிகளுக்கு நடுவே மேலும் கீழுமாக நடந்தேன். சத்தம் நின்ற பிறகும் வெகுநேரம் நடந்துகொண்டிருந்தேன். அப்புறம் கொண்டியை எடுத்துவிட்டுக் கீழே போய் டீ குடித்தேன். மொக்கையன் திரும்பி வந்துதான் பார்த்தான். புகை, மயக்கம், விபத்து என்று நீங்கள் எழுதி முடித்தீர்கள். உங்கள்மேல் தப்பில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள்.

நாடகம் நின்றுபோகும், பிள்ளைகள் என்னிடம் வருவார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். பொன்னுமணி என்ற மாணவிதான் பேசினாள்.

"அவரு நாடகத்தையே போடுறோம்யா. நீங்க எங்ககூட நின்னாப் போதும்."

முடியாது என்று எப்படிச் சொல்வது? போன வெள்ளிக்கிழமை போட்டார்கள். அவன் பாட வேண்டிய பாட்டை எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். நான் முன்வரிசைக்குப் போகாமல் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். ஜீப்புக் காட்சியில் சனம் சிரித்தது, சிரித்துக்கொண்டே அழுதது. நானும் அழுதேன். என் நாடகம் எதற்கும் சனம் அப்படிக் கைதட்டியதில்லை. பக்கத்தில் நின்ற சம்சாரி ஒருவர், சிலமலையில் விவசாயம் என்று முன்பே சொல்லியிருந்தவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"யாருய்யா இத எழுதுனது? எங்க வீட்டுப் பொம்பளைக பேச்ச அப்படியே வச்சிருக்காக."

"நான்தான்" என்றேன்.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விளக்கணைந்து கூட்டம் கலைந்ததில் ஆளைத் தவறவிட்டுவிட்டேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சோறு இறங்கவில்லை. சிலமலைக்குத் தினமும் பஸ் ஏறிப் போய்த் தோட்டம் தோட்டமாகத் தேடுகிறேன், அகப்படவில்லை.

கன்னையனைக் கொன்றது நான்தான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். உங்களுக்கு ஆள் பலம் இருக்கிறது, அந்தச் சம்சாரியை மட்டும் எப்படியாவது கண்டுபிடித்து, எழுதியது கன்னையன்தான் என்று சொல்லிவிடுங்கள். என் வாழ்நாளில் மனசறிந்து நான் செய்த தப்பு அந்தப் பொய் ஒன்றுதான்.