கண்ணாடி மவுத்பீஸ்

கிளாரினெட்டில் வாய் வைத்து ஊதும் முனைக்குக் கண்ணாடி மவுத்பீஸ் நல்லதா என்று கேட்டால் நல்லது என்றுதான் சொல்வேன், ஐயா. வழக்கமான கறுப்பு எபோனைட் ரப்பர் வெயிலில் நாள்பட்டால் கோணிக்கொள்ளும். கண்ணாடி அப்படியே நிற்கும். சத்தமும் பளிச்சென்று வரும். கெட்டது என்றால், கனம். பல்லில் வழுக்கும். கீழே விழுந்தால் அவ்வளவுதான்.

எனக்கு மேல்வரிசை கட்டுப்பல். கண்ணாடியைக் கடித்து ஊதினால் பல் செட்டே ஆடும். என் தங்கை ரேணுகாவின் புருஷன் தேவாவுக்கு எல்லாம் சொந்தப் பல். எங்கள் பேண்டு செட்டுக்குக் கண்ணாடி மவுத்பீஸைக் கொண்டுவந்தவன் அவன்தான்.

"இன்னா மச்சான், மொறைச்சுகினு கீறே? ஊதிப் பாரு. பல்லு கயண்டு அந்தாண்ட வியுந்துச்சுன்னா நான் புடிச்சுக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வாரமே மாஸ்டர் கோவிந்தராஜ் சொல்லிவிட்டார்: இந்தச் சீசனோடு ஒரு கிளாரினெட் போதும், தேவா இருக்கட்டும். அம்பத்தூரில் நான் கிரைண்டிங் பார்த்த பட்டறை மூடி இரண்டு வருஷம். ஐம்பத்திரண்டு வயதுக்காரனை எந்தக் கம்பெனி கேட்டிலும் உள்ளே விடவில்லை. பேண்டு யூனிபாரத்தையும் கழற்றிவிட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது. மாஸ்டர் காலில் விழுந்தேன். காலை இழுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். மீன்குழம்பு வைத்திருந்தாள். தேவா குளிக்கப் போன நேரத்தில் அவன் மவுத்பீஸின் முனையை உள்பக்கமாக, பட்டறை நாளில் வைத்திருந்த டைமண்ட் அரத்தால் இழைத்தேன், காகிதம்போல் மெலியும்வரை. எச்சில் பட்ட கண்ணாடியில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நாக்கு கிழிந்து ஒரு சீசன் வீட்டில் கிடப்பான் என்று மட்டும்தான் நினைத்தேன்.

புதன்கிழமை பாரிவாக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு. கோயிலில் எடுத்த பாட்டு மண்டப வாசலில்தான் முடிய வேண்டும், நடுவில் வாயை எடுத்தால் மாப்பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் செட்டில் ஒரு கட்டு. பாட்டு உச்சிக்கு ஏறும்போது சின்னதாக ஒரு சத்தம். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது. தேவாவின் உதட்டோரம் சிவந்தது. அவன் நிறுத்தவில்லை. நிறுத்த மாட்டான் என்று தெரிந்துதான் செய்தேன். ஆழமாக மூச்சை இழுத்தான். சில்லும் கூடவே போனது.

"மச்சான்... நீ புடி," என்று முட்டி போட்டான். பாட்டைப் பிடித்தேன். ஒரு சுரம் விட்டுப்போகவில்லை.

டிரம் அடிக்கும் பாண்டியன் தயங்கி நின்றான். பெண்வீட்டார் நாலு பேர் ஓடி வந்தார்கள். நீண்ட சுரம் ஒன்று வந்தது. அதற்கு இடக்கை தேவையில்லை. வாயை எடுக்காமல், அந்தக் கையின் கட்டைவிரலை உதட்டுப் பக்கம் சாய்த்துக் காட்டினேன், குடித்திருக்கிறான் என்று.

சிரித்துக்கொண்டே ஒதுங்கிவிட்டார்கள். பாண்டியனும் அடிக்க ஆரம்பித்தான். அப்போது தேவா உயிரோடுதான் இருந்தான், ஐயா. என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் காலை இழுத்துக்கொண்டு நடந்தேன்.