திட்டில் தலை வாரியவள்

மணி ஏழு இருக்கும். புளியம்பட்டி தாண்டி அவிநாசிக்கு வருகிற ரோடு. தொண்ணூற்று நாலாம் வருசம் அந்த ரோட்டில் இருட்டிவிட்டால் ஈ காக்காய் கிடையாது. இரண்டு பக்கமும் வேலிமுள், நடுவே காளிச்சாமியின் பைக் மட்டும். முன்னால் டேங்க் மேல் ஆறு வயசு மகள் பிரியா. பின்னால் சம்சாரம் செவ்வந்தி. மூன்றே பேர்தான்... வண்டி என்னவோ இழுக்கவே மாட்டேன் என்றது.

காளிச்சாமி நிறுத்தினான். இறங்கிப் பின் டயரை அமுக்கிப் பார்த்தான். காற்று கல் மாதிரி இருந்தது.

"பஞ்சரும் இல்ல... மூட்டை ஏத்துன மாதர இழுக்குது" என்று முனகிக்கொண்டே மறுபடி கிளப்பினான். அதே பாரம். செவ்வந்தியின் முதுகில் சில்லென்று ஏதோ ஒட்டியது. ஈரத் துணி ஒட்டுகிற மாதிரி. பாசி வாசம் வேறு. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். செவ்வந்தி என் கூட்டாளி லட்சுமணசாமியின் கூடப்பிறந்த தங்கச்சி. அவள் சொல்லி அவன் கேட்டு, அவன் வாயால் நான் கேட்டது. கரண்ட் வருகிற வரைக்கும் இப்படி நெருங்கி உட்காருங்கள். அன்றைக்குக் காலையிலிருந்து சொல்கிறேன்.

செவ்வந்தி காளிச்சாமிக்கு இரண்டாம் தாரம். மூத்தவள் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தபோது பிரியா கைக்குழந்தை. செவ்வந்தி வந்து இரண்டு வருசமாச்சு. சோறூட்டினாள், குளிப்பாட்டினாள், காய்ச்சல் கண்டால் ராத்திரி முழுக்க மடியில் போட்டுக்கொண்டு கிடந்தாள். அப்படியும் அந்தப் பிள்ளை வாயில் "சித்தி"தான். "அம்மா" என்கிற ஒரு சொல் வரவில்லை. தலை வார உட்காரச் சொன்னால் போதும், ஊரையே கூட்டிவிடும். செவ்வந்திக்கு வயிறு எரியும். உயிரோடு இருக்கிறவள் என்றால் சண்டையாவது போடலாம், செத்தவளிடம் என்னத்தைப் போடுவது? மாலை போட்டு மாட்டியிருந்த மூத்தவள் போட்டோவைக் கழற்றி, தகரப் பெட்டிக்குள் குப்புறப் போட்டுப் பூட்டிவிட்டாள். அந்த முகம் மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

காளிச்சாமிக்குச் சோமனூரில் தறி வேலை. தறிகளெல்லாம் ஸ்ட்ரைக்கில் நின்ற வாரம் அது. செவ்வந்திதான் நச்சரித்துக் கொடிவேரி அணைக்குக் கிளப்பினாள். அருவியில் நனைந்து, பரிசலில் போய், ஆற்று நடுவே திட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தால் பிள்ளை தன்னோடு கொஞ்சமாவது ஒட்டாதா என்று ஒரு நப்பாசை. எங்கே... அருவியில் அது அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டதுதான். இவள் நீட்டின கை நீட்டினபடியே நின்றது.

பரிசல்காரர் செங்கோடன் அவர்களை மேலே தள்ளியிருந்த ஒரு திட்டில் கொண்டுபோய் இறக்கினார். தென்னையும் நாணலும் அடர்ந்த இடம். மனுச வாடையே இல்லை. மீன் வறுவல் வாங்கி வருகிறேன் என்று காளிச்சாமி அதே பரிசலில் கரைக்குத் திரும்பினான்.

செவ்வந்தி துண்டை விரித்து, புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தாள். நிமிர்ந்தால் பிள்ளையைக் காணோம்.

நாணலை விலக்கிக்கொண்டு ஓடினாள். பாறைக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். போய்ப் பார்த்தால்...

ஒரு பொம்பளை. சேலையெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது. அவள் மடியில் பிரியா. அந்தப் பொம்பளை விரலாலேயே சிக்கெடுத்து, வகிடு பிரித்து, இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். முந்தானையிலிருந்து பாறைமேல் டொப்... டொப்... என்று தண்ணீர் சொட்டியது. பிள்ளை ஆடவில்லை, அசையவில்லை. கண்ணைச் செருகிக்கொண்டு சுகமாகச் சாய்ந்திருந்தது.

போட்டோவில் இருந்த முகம் இல்லை அது. செவ்வந்தி அதைத்தான் முதலில் பார்த்தாள். யாரோ ஒருத்தி. இரண்டு வருசமாகத் தன் கைக்கு வராத தலை, முன்பின் தெரியாதவள் மடியில் கிடக்கிறது.

"ஏனுங்க, புள்ளைய உடுங்க."

அவள் நிமிரவில்லை. பின்னலை முடித்துத் தடவிக் கொடுத்தாள்.

நன்றாக ஏசியிருக்க வேண்டும். நம்ம பக்கத்து வாய்க்குத்தான் அது வராதே. கோபம் வந்தாலும் "ங்க" போட்டுத்தானே பேசும். செவ்வந்தி சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு குத்தலாகச் சொன்னாள்.

"அத்தன ஆசையா இருந்தா ஊட்டுக்கே வாங்க. வந்து நீங்களே தெனமும் வாரி உடுங்க."

அப்போதுதான் அவள் தலையைத் தூக்கினாள்.

"வாரேனுங்க."

அவ்வளவுதான் பேசினாள். செவ்வந்தி பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். பரிசல் திரும்பி வந்ததும், இங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று செங்கோடனைக் கேட்டாள்.

"இந்தத் திட்டுல ஆருங்கம்மணி இருக்கறா? காத்தால இருந்து உங்கள மட்டுந்தான் கொண்டாந்து உட்டனுங்க."

கரைக்குத் திரும்பும்போது அவர் துடுப்பை நிறுத்திவிட்டு இரண்டு தரம் சொன்னார், "ஆராச்சும் ஒருத்தரு நடுவுல வாங்க, ஒரு பக்கமாச் சாயுது" என்று. எல்லோரும் நடுவில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகுதான் நான் முதலில் சொன்ன அந்த ரோடு, அந்தப் பாரம்.

ஒரு வழியாக வீடு வந்து சேர்ந்தார்கள். காளிச்சாமி வாசல் கட்டிலில் விழுந்த உடனே குறட்டை. உள்ளே சுவரோரம் பிள்ளை, பக்கத்தில் செவ்வந்தி. சடையைப் பிரித்துவிடலாம் என்று கையை வைத்தாள். பிள்ளை தட்டிவிட்டது. சரி போ என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

கண் அசருகிற நேரம்.

"அம்மா" என்றது பிள்ளை.

இரண்டு வருசம் காத்துக் கிடந்த சொல். செவ்வந்திக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. "என்ன கண்ணு, சொல்லு சாமி" என்று திரும்பினாள்.

பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

"அம்மா, நீ செவுத்துப் பக்கமாத் தள்ளிப் படு... சித்தி நனையறாங்க."

பாய் சில்லிட்டுக் கிடந்தது. பாசி வாசம். செவ்வந்தி கத்தவில்லை. லட்சுமணசாமியிடம் அவளே சொன்னாளாம், "பயமே வரலீங்ண்ணா, எனக்கு வயித்தெரிச்சல்தான் வந்துச்சு. அவ ஆரு எம் புள்ளைக்கு?" என்று.

இருட்டில் பிள்ளையின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அந்தப் பக்கமிருந்தும் இழுத்தார்கள். விடவில்லை இவள். பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள்.

பிரியா உதறினாள்... இவள் கையை.