பாப்பாவோட பிளேன் படிப்பு

ஜெகதீஸ்வரி: ...இல்லங்க, நேத்து போன்ல ஒண்ண விட்டுட்டேன். டூல்ஸ் பெட்டி, சேஃப்டி ஷூ. அதெல்லாம் காலேஜ்ல குடுக்க மாட்டாங்களாம். நாமதான் வாங்கணும்.

தயாளன்: சேஃப்டி ஷூ என் ஒர்க்‌ஷாப்ல ரெண்டு ஜோடி சும்மா கிடக்கு.

ஜெகதீஸ்வரி: உங்க காலும் பாப்பா காலும் ஒண்ணா?

தயாளன்: சரி, புதுசே வாங்கலாம். அப்புறம்?

ஜெகதீஸ்வரி: கொமுனிட்டி காலேஜ்ங்கறதால பீஸ் கம்மிதான். ஆனா சிலாங்கூர் போய் தங்கணும். ஹாஸ்டல், சாப்பாடு, மாசம் ஒரு தடவ பினாங்கு வந்து போற பஸ்ஸு... அதுலதான் காசு கரையும்.

தயாளன்: மாசம் ஒரு தடவ வருவாளா?

ஜெகதீஸ்வரி: வராம?

தயாளன்: ம்... வருவா, வருவா.

ஜெகதீஸ்வரி: அங்க மழையா? சத்தமா இருக்கு.

தயாளன்: தகரக் கூரை லா. மாக் மண்டின் ஏரியா முழுக்க ஊத்துது. உங்க பக்கம்?

ஜெகதீஸ்வரி: ஒரு சொட்டு இல்ல. நடுவுல இத்தனூண்டு கடல்... சரி, பாப்பா விஷயத்துக்கு வாங்க. படிச்சு முடிச்சதும் ரிப்பேருக்குப் பிளேன தொட விட்டுட மாட்டாங்களாம்.

தயாளன்: பின்ன?

ஜெகதீஸ்வரி: லைசன்ஸ் எடுக்கணும். அதுக்கு வேற பரீட்சை. ஒவ்வொரு பேப்பருக்கும் தனித்தனியா காசு. வருஷக் கணக்குல ஆகும்.

தயாளன்: லைசன்ஸ் இல்லாட்டி?

ஜெகதீஸ்வரி: ஹெல்பர். ஸ்பானர் எடுத்து நீட்டலாம்.

தயாளன்: நானும் அப்படித்தானே ஆரம்பிச்சேன்.

ஜெகதீஸ்வரி: ஆரம்பிச்சு? இன்னும் லோரிக்கு அடியிலதான் படுத்திருக்கீங்க.

தயாளன்: லோரி நின்னு போனா ஓரமா தள்ளிடலாம். பிளேன் நின்னு போனா எங்க தள்றது? அதான் அதுக்குச் சம்பளம் ஜாஸ்தி.

ஜெகதீஸ்வரி: ம்க்கும்...

தயாளன்: சிரிக்கிறியா?

ஜெகதீஸ்வரி: யாரு சிரிச்சா? நான் சிரிக்கல.

தயாளன்: சரி, சிரிக்கல.

ஜெகதீஸ்வரி: பக்கத்து வீட்டு மோகனா இருக்காளே, அவ பேக்டரியில ஆள் எடுக்கறாங்களாம், பாயான் லெப்பாஸ்ல. அடுத்த மாசமே சம்பளம். வீட்டு வாசல்ல பஸ்ஸு. சாயந்தரமானா வீட்டுக்கு வந்துடுவா.

தயாளன்: அப்ப பேக்டரிதான் நல்லதுங்கறியா?

ஜெகதீஸ்வரி: அப்படிச் சொல்லல. பத்து வருஷம் கழிச்சும் அதே மெஷின் முன்னாடிதான் உக்காந்திருப்பா. லைசன்ஸ் கையில இருந்தா சுபாங், சிங்கப்பூர்னு எங்க வேணும்னாலும் கூப்பிடுவாங்க.

தயாளன்: மொத நாள் வேணாம்னே. நேத்து வேணும்னே. இன்னைக்கு ரெண்டையும் சொல்றே.

ஜெகதீஸ்வரி: பிள்ளையோட வாழ்க்க. நாலு நாள் யோசிக்கக் கூடாதா? நீங்க மட்டும் என்னவாம்? நேத்து எல்லாம் பேசி முடிச்சப்புறம் படிப்பு லோன் கட்டற பேச்ச ஆரம்பிச்சீங்க.

தயாளன்: நீ ‘வச்சிடறேன்’னே. அப்பதான் லோன் ஞாபகம் வந்துச்சு.

ஜெகதீஸ்வரி: நல்லா வந்துச்சு.

தயாளன்: காலேஜுக்கு எப்ப பதில் சொல்லணும்?

ஜெகதீஸ்வரி: நாளைக்கு... இல்ல, வர்ற திங்கக்கிழமைன்னு நினைக்கறேன்.

தயாளன்: திங்கக்கிழமையா? அப்ப டைம் இருக்கு. நல்லது.

ஜெகதீஸ்வரி: சாப்பிட்டீங்களா?

தயாளன்: ரொட்டி சானாய் வாங்கி வச்சிருக்கேன். அங்க என்ன?

ஜெகதீஸ்வரி: மீன் குழம்பு. கொஞ்சமா வைக்கத்தான் பாக்கறேன், அளவே வர மாட்டேங்குது. பாப்பாவுக்கு இப்பல்லாம் சாப்பாடே இறங்கறதில்ல.

தயாளன்: ம்... யோசனையா இருப்பா.

ஜெகதீஸ்வரி: ஒண்ணு கேக்கவா?

தயாளன்: கேளு.

ஜெகதீஸ்வரி: அவ போயிட்டா இந்த வீட்ல நான் ஒருத்திதான். காசு, லைசன்ஸ், சம்பளம்னு இவ்வளவு பேசறேனே... இதெல்லாம் அவளுக்காகப் பேசறேனா, எனக்காகப் பேசறேனான்னு எனக்கே தெரியல.

தயாளன்: தெரிஞ்சு என்ன பண்ணப் போறே?

ஜெகதீஸ்வரி: எப்படி இருக்கும்... தனியா?

தயாளன்: இங்க வந்த புதுசுல ரேடியோவ விடிய விடிய போட்டு வச்சிருப்பேன். பாட்டு வந்தா வேற ஸ்டேஷன் மாத்திடுவேன். யாராச்சும் பேசிட்டிருந்தா போதும்.

ஜெகதீஸ்வரி: இப்ப?

தயாளன்: ரெண்டு வருஷம் ஆச்சே ஜெகா. இப்ப ரேடியோவும் ரிப்பேரு.

ஜெகதீஸ்வரி: நீங்களாத்தான போனீங்க.

தயாளன்: நீதான் போகச் சொன்னே.

ஜெகதீஸ்வரி: சொன்னா... போயிடறதா? சரி விடுங்க. அத இப்பப் பேசி... ஹாஸ்டல் காசுல எங்க விட்டோம்?

தயாளன்: நீதான் பஸ் காசு வரைக்கும் வந்தே.

ஜெகதீஸ்வரி: உங்களுக்குப் பாசமே இல்ல.

தயாளன்: இப்ப நான் என்ன பண்ணேன்?

ஜெகதீஸ்வரி: நாலு நாளா அவளப் பத்தியே பேசறோம். ஒரு தடவையாச்சும் ‘பாப்பாகிட்ட போன குடு’ன்னு கேட்டீங்களா? பெத்த அப்பன்தான? ரூம்லதான் இருக்கா. கூப்பிடவா?

தயாளன்: வேணாம்.

ஜெகதீஸ்வரி: ஏன் வேணாம்? இருங்க, கூப்பிடறேன். பாப்பா...

தயாளன்: ஜெகா. கூப்பிடாத லா.

ஜெகதீஸ்வரி: ஏன்?

தயாளன்: யாரு வருவா?

ஜெகதீஸ்வரி: என்ன சொல்றீங்க?

தயாளன்: ஞாயித்துக்கிழமை காலையில நீ அந்தப் பக்கம் பாப்பாவ ஃபெரி ஏத்தி விட்டே. இந்தப் பக்கம் எறக்கி, பெட்டியத் தூக்கிட்டுப் போய் சிலாங்கூர் பஸ்ல உக்கார வச்சது நான்தான். அம்மாகிட்ட சொல்லாதேன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்.

ஜெகதீஸ்வரி: அப்ப... மறுநாளு நான் போன் பண்ணி, ‘பாப்பா பிளேன் படிப்பு கேக்கறா, அனுப்பலாமா வேணாமா’ன்னு கேட்டப்ப...

தயாளன்: அவ காலேஜ்ல மொத கிளாஸ்ல உக்காந்திருந்தா.

ஜெகதீஸ்வரி: தெரிஞ்சுகிட்டேவா நாலு நாளா என்கூடக் கணக்குப் போட்டீங்க?

தயாளன்: வேற எதுக்கு நீ எனக்குப் போன் பண்ணப் போறே?